கொள்ளி வைக்க ஒரு புள்ளை

அந்தப் பேப்பரைக் கொஞ்சம் மடக்காம வைங்க தம்பி. கண்ணாடி கொண்டு வரல, பெரிய எழுத்து மட்டும்தான் தெரியுது. 'தூக்குத் தண்டனை தேவையா?' அப்படித்தானே போட்டிருக்கு? யாரு யாரு என்ன சொல்லிருக்காய்ங்க? ரிட்டையர்டு போலீஸ் அதிகாரி வேணும்ங்குறாரா? சொல்லுவாரு, சொல்லுவாரு. அவரு வீட்டுப் புள்ளையா தொங்கப் போகுது?

என் புள்ளைதான் தம்பி தொங்கப் போறான்.

பயந்துறாதீங்க. நகர்ந்து உக்கார வேணாம். நாங்க நல்ல குடும்பம். ஊர்ல என்னையக் கேக்காம ஒரு காரியம் நடக்காது. மகன் பேரு அழகுராசா. ஜில்லா கோர்ட்டுல தூக்குன்னு தீர்ப்பு சொல்லிட்டாய்ங்க. ஐகோர்ட்டு சரின்னு சொன்னாத்தான் போட முடியுமாம். இன்னைக்கு மதுரை ஐகோர்ட்டுல விசாரணை. அதுக்குத்தான் காரைக்குடியில விடியக்காலம் பஸ் ஏறுனேன்.

நீங்க படிச்ச புள்ளை, நியாயமாச் சொல்லுங்க. உசிரைக் குடுக்க வக்கில்லாத சர்க்காருக்கு உசிரை எடுக்க என்ன உரிமை இருக்கு? இது எங்க வக்கீலம்மா சொன்னது. ரெபேக்கான்னு பேரு. சின்ன வயசுதான், ஆனா கெட்டிக்காரி. தூக்குக் கேசுன்னா எங்க இருந்தாலும் தேடி வந்து நடத்தும் அந்தப் புள்ளை. 'ஐயா, தப்பாத் தூக்குல போட்டுட்டு அப்புறம் தெரிஞ்சா, உசிரைத் திருப்பி ஒட்ட வைக்க முடியுமா'ன்னு கேக்கும். முடியுமா? மனுசன் திருந்துறதுக்குத்தானே தண்டனை? செத்தவன் எங்கிட்டுத் திருந்துறது? ஒரு கொலைக்கு இன்னொரு கொலைன்னா அது தண்டனையா, பழியா? பூராவும் எனக்கு மனப்பாடம். எங்க ஊரு டீக்கடையில தினமும் இதைப் பேசித்தான் சண்டை.

அதே டீக்கடையில முன்னாடி நானும் பேசிருக்கேன். டிவியில கொலைக் கேசு ஓடுச்சுன்னா, 'இவய்ங்களுக்கு எதுக்குடா கோர்ட்டு, நாலு பேரை நடு ரோட்டுல தொங்க விட்டாத்தான் மத்தவனுக்குப் பயம் வரும்'னு கத்துவேன். டீ ஆத்துறவன் அதை ஞாபகம் வச்சுக்கிட்டு இப்பக் கேக்குறான், 'என்ன மாமா, கச்சி மாறிட்டீங்களா'ன்னு. அது வேற தம்பி. அது எவனோ களவாணி, பொம்பளைப் புள்ளைகளைச் சீரழிச்சவன். இது குடும்ப விவகாரம். குடும்ப விவகாரத்துக்குக் கயிறா?

யாரைக் கொன்னான்னு கேக்குறீங்க. எல்லாரும் எடுத்த எடுப்புல அதைத்தான் கேக்குறாய்ங்க. என் மகளைக் கூட்டிட்டுப் போனவன். மருமகன்னு சொல்லாதீங்க, நான் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்ல. பேரு என்னத்துக்கு உங்களுக்கு? அந்தப் பய. அம்புட்டுத்தான்.

எனக்கு ரெண்டு புள்ளைக. மூத்தவன் இவன், இளையவ வினோதினி. ராணி மாதிரி வளத்தேன். மருந்துப் படிப்பு படிக்கணும்னு ஆசைப்பட்டா, படிக்க வச்சேன். அந்தப் பய கூடப் படிச்சவன், எங்க ஊர்க்காரன்தான். ஊரு ஒன்னுன்னாலும் அவய்ங்க தெரு வேற, எங்க தெரு வேற. புரிஞ்சிருக்கும் உங்களுக்கு. தம்பியைப் பாத்தா நம்மாளுக மாதிரிதான் தெரியுது. எந்த ஊரு, எந்தப் பக்கம்? சரி சரி, சொல்ல வேணாம்.

ரிஜிஸ்டர் ஆபீசுல கட்டிக்கிட்டாய்ங்கன்னு தகவல் வந்த அன்னைக்கே அவளைத் தலை முழுகிட்டோம். சும்மா வாய்ப்பேச்சுக்கு இல்ல, முறையா. கண்ணீர் அஞ்சலின்னு ஃப்ளெக்ஸ் அடிச்சு பஸ் ஸ்டாப்புல கட்டுனேன். பள்ளிக்கூடத்துல ரெட்டைச் சடை போட்டு எடுத்த போட்டோ. தோற்றம்னு அவ பொறந்த நாளு, மறைவுன்னு கல்யாணம் பண்ணுன நாளு. பதினாறாம் நாள் காரியம் வச்சு சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் கறிச்சோறு போட்டேன். ஊரே மெச்சுச்சு. 'மானஸ்தன்யா'ன்னு சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டாய்ங்க. என் வீட்டுக்காரி மட்டும் ஒரு வாய் தொடல. அவளுக்கு வாயுத் தொந்தரவு.

ரெண்டு வருசம் ஒரு பேச்சும் இல்லாமத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில, அத்தனை பேரும் உக்காந்திருக்கும்போது, ஒருத்தன் கேக்குறான்: 'என்ன மச்சான், பேத்தி பொறந்திருக்காமே, காதுகுத்துக்கு எப்பக் கூப்பிடப் போற?' பந்தியே சிரிச்சுச்சு தம்பி. பரிமாறுறவன் கூடச் சிரிச்சான். எலையை மூடிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து கோவத்துல அழகுராசாவை ரெண்டு வார்த்தை பேசுனேன். 'நாளைக்கு நான் செத்தா நீ கொள்ளி வைக்க வராதடா. கொள்ளி வைக்கிறவன் ஆம்பளையா இருக்கணும். அவ கழுத்துல அந்தத் தாலி கெடக்குற வரைக்கும் நீ எனக்குப் புள்ளை இல்ல, இந்த வாசப்படி மிதிக்காத'ன்னேன். அப்புறமும் அவன் வாசல்ல வந்து நின்னா அதையேதான் சொல்லுவேன். பெத்தவன் கோவத்துல ஆயிரம் பேசுவான். 'செத்துத் தொலை'ன்னு வையுறோம், உடனே செத்தா போறாய்ங்க? நீங்க உங்க அப்பாகிட்ட வாங்காத பேச்சா? அருவாளைக் கொல்லர் பட்டறையில குடுத்துத் தட்டி வாங்கிட்டு வந்தது நான்தான். வேலிமுள்ளு வெட்ட. வருசா வருசம் தட்டுறதுதான். போலீசு அதைக் கேக்கல, நானும் சொல்லல.

அழகுராசாவும் தங்கச்சி வீட்டுக்கு முறையாத்தான் போனான். வாழைத்தாரு, பலகாரம், புள்ளைக்குச் சட்டை எல்லாம் வாங்கிக்கிட்டுப் போனான். அண்ணன் வந்துருச்சுன்னு வினோதினி வாசல்லயே அழுதுட்டாளாம். அந்தப் பய ஓடிப் போய்க் கோழி வாங்கியாந்து, அவனே கொழம்பு வச்சு, அவனே பரிமாறிருக்கான். தின்னு முடிச்சுட்டு, 'மாப்ள, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாங்க, பேசிக்கிட்டே போவோம்'னு கூட்டிட்டுப் போயிருக்கான். கம்மாக்கரை வரைக்கும்தான் போனாய்ங்க.

அந்தச் சாப்பாட்டைத்தான் ஜட்ஜு புடிச்சுக்கிட்டாரு. 'சோறு போட்டவன் கை காயுறதுக்குள்ள அவனையே கொன்னிருக்கான். யாரும் தூண்டல, தானே திட்டம் போட்டுச் செஞ்சிருக்கான், எரக்கங்கிறதே இல்லாதவன், இவனுக்குத் தூக்குதான்'னு எழுதிட்டாரு. சாப்பிட்டது ஒரு குத்தமா? பசிச்சிருக்கும், தின்னிருப்பான். எழுதி முடிச்சதும் பேனா முனையை ஒடிச்சுட்டாராம். ஒடிச்சுட்டு வீட்டுக்குப் போய் அவரும் சாப்பிட்டிருப்பாருல்ல? அவரு பட்டினியா கெடந்தாரு?

இதுல ஒன்னு யோசிச்சுப் பாருங்க தம்பி. தூக்குல போடுறவன் யாரு? சம்பளத்துக்கு வேலை பாக்குற ஆளு. அவனுக்கும் என் மகனுக்கும் என்ன பகை? வாய்க்கா தகராறா, வரப்புத் தகராறா? மேல இருந்து சொல்றாய்ங்க, அவன் இழுக்குறான். மாட்டேன்னு சொன்னா அவன் பொழைப்பு போச்சு. அவனைப் போய்க் கொலைகாரன்னு சொல்லுவீங்களா? மாட்டீங்க. அப்பக் கொலைகாரன் யாரு? கை படாம, சட்டையில ஒரு சொட்டு ரத்தம் படாம, உக்காந்த எடத்துல இருந்தே 'அவன் சாகட்டும்'னு சொன்னான் பாருங்க, அவன்தான் கொலைகாரன். புடிச்சு உள்ள வைக்கணும்னா அவனைத்தான் வைக்கணும். இதை டீக்கடையில சொன்னப்ப கிளாசைக் கையில வச்சுக்கிட்டு என்னையே பாத்தாய்ங்க. நீங்களும் இப்ப அப்படித்தான் பாக்குறீங்க.

வக்கீலம்மா நல்ல புள்ளைதான், ஆனா அது மேலயும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஒரு நாள் வீட்டுக்கே வந்துச்சு. என் வீட்டுக்காரிகிட்ட அடுப்படியில ரொம்ப நேரம் பேசிட்டு, வெளிய வந்து என்கிட்ட நேரா கேக்குது: 'ஐயா, அழகுராசா தானாவா போனார்?' எனக்குச் சுருக்குன்னுச்சு. 'நீங்க என்னம்மா கேக்குறீங்க'ன்னேன். 'சட்டப்படி நான் உங்களைச் சொல்லுங்கன்னு சொல்ல முடியாது. சொன்னா உங்க மேலயும் கேஸ் வரும். தனியா ஒரு வக்கீலைக் கலந்துக்கங்க, நானே ஒருத்தரை ஏற்பாடு பண்றேன். ஆனா ஒன்னு தெரிஞ்சுக்கங்க. யாரும் தூண்டாம தானே செஞ்சான்னு இருக்குறதாலதான் தூக்கு. அப்பா பேச்சு தாங்க முடியாம செஞ்சான்னு கோர்ட்டுக்குத் தெரிஞ்சா, ஆயுள் தண்டனையா மாற நிறைய வாய்ப்பு இருக்கு. அதை நீங்க ஒருத்தர் சொன்னாத்தான் நம்புவாங்க'ன்னுச்சு.

எப்படி இருக்கு பாருங்க. போலீசு எப்படி எப்படியோ கேட்டும் அழகுராசா என் பேரை எடுக்கல. 'எங்க அப்பாவுக்கு ஒன்னும் தெரியாது'ன்னு அதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லிருக்கான். புள்ளைன்னா அவன் புள்ளை! அவன் உசிரைக் குடுத்துக் காப்பாத்தி வச்சிருக்குற மானத்தை நானே போய்க் கோர்ட்டுல அவுத்துப் போடவா? அது அவனுக்குச் செய்யுற துரோகம் இல்லையா? சொல்லுங்க.

போன வாரம் ஜெயில்ல போய்ப் பாத்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னான். பாதியா எளைச்சுட்டான். கேக்குறான், 'அப்பா, போட்டா உடனே உசிரு போயிருமாப்பா, இல்ல நேரமாகுமா?' தோள்ல தூக்கிக்கிட்டு திருவிழா காட்டுன புள்ளை. 'அப்படியெல்லாம் பேசாதடா, தைரியமா இரு'ன்னேன். 'வக்கீலக்கா ஒன்னு சொன்னாங்கப்பா...'ன்னு இழுத்துட்டு என் மூஞ்சியையே பாத்தான். நான், 'நேரம் முடிஞ்சு போச்சுங்குறாய்ங்க பாரு'ன்னேன். 'சரிப்பா. சுகர் மாத்திரையை ஒழுங்காப் போடுங்க'ன்னுட்டு உள்ள போயிட்டான். அதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்கல. சின்னதுலயே அப்படித்தான், எதுத்துப் பேசத் தெரியாது.

வெளிய வந்து ஜெயில் வாசல்ல உக்காந்து ஓன்னு அழுதேன். போறவன் வர்றவன் எல்லாம் பாத்தான், எனக்குக் கவலையே இல்ல. அவனும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா? செத்தா என்னையத் தூக்க, கொள்ளி வைக்க, ஒரு ஆம்பளைப் புள்ளை வேணாமா? பங்காளிப் பயக வைக்கிற கொள்ளியிலயா நான் வேகணும்?

வீட்டுக்காரி தீர்ப்பு வந்த நாள்ல இருந்து என்கிட்டப் பேசுறதை விட்டுட்டா. சோத்தை வச்சுட்டுப் போயிருவா. வயசாயிட்டா பொம்பளைகளுக்கு ஒரு மாதிரி ஆயிரும். நேத்துக் கெளம்பும்போதுதான் வாயைத் தொறந்தா. 'இந்தத் தடவையாவது சொல்லிருவீங்களா?'ன்னா. 'சொல்லிருவேன்'னேன். உள்ள போய், துவைச்ச வேட்டியா எடுத்துக் குடுத்தா. இந்தா கட்டிருக்கேனே, இதுதான்.

நேத்துக் காரைக்குடிக்குப் போனதே வினோதினியைப் பாக்கத்தான். 'செத்தவரோட மனைவி என்ன நினைக்கிறாங்கன்னும் கோர்ட்டு கவனிக்கும்'னு வக்கீலம்மா சொல்லிருந்துச்சு. சரி, புள்ளைக்காக அவ கால்லயும் விழுவோம்னு போனேன். மெடிக்கல் கடையில வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கிட்டு நிக்கிறா. என்னையப் பாத்துட்டா. பாத்துட்டும், முன்னாடி நின்ன கெழவருக்கு எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி, எது பின்னாடின்னு நிதானமாச் சொல்லி அனுப்பிட்டு, அப்புறம் என்கிட்ட வந்து, 'உங்களுக்கு என்ன வேணும்?'ங்குறா. அப்பான்னு ஒரு வார்த்தை வரல.

'உங்க அண்ணனைக் காப்பாத்தணும்மா. நீ கோர்ட்டுல ஒரு வார்த்தை சொல்லணும்'னேன்.

'நான்தான் செத்துட்டேனே. காரியம் பண்ணிக் கறிச்சோறெல்லாம் போட்டீங்க. செத்தவ எப்படிக் கோர்ட்டுக்கு வருவா?'ங்குறா.

மருந்து வாங்க நிக்கிறவய்ங்க எல்லாம் திரும்பிப் பாக்குறாய்ங்க. என் நெலைமையை நினைச்சுப் பாருங்க. அதோட விட்டாளா? 'நீங்க கட்டுன ஃப்ளெக்ஸ் இன்னும் எங்க வீட்டுலதான் இருக்கு. அவர் போய்க் கழட்டிட்டு வந்து, குளிக்கிற எடத்துக்கு மேல கூரையாப் போட்டார். நல்ல கெட்டிச் சீலை. உங்க புண்ணியத்துல மழைக்கு ஒழுகல'ன்னு சொல்லிட்டுச் சிரிக்கிறா. தினமும் அவளோட கண்ணீர் அஞ்சலிக்குக் கீழ நின்னு குளிக்கிறாளாம். அழுதிருந்தாக் கூட எனக்குத் தேவலையா இருந்திருக்கும்.

அப்புறம் கடைப் பையன்கிட்டச் சொல்லிட்டு வெளிய வந்தா. வந்து சொன்னா பாருங்க, 'அண்ணனைத் தூக்குல போட வேணாம்னு நான் போன மாசமே வக்கீலம்மாகிட்ட எழுதிக் குடுத்துட்டேன்'னு. யாரும் கேக்காமயே! என் ரத்தம்ல, எங்க போகும்? கையெடுத்துக் கும்பிட்டுட்டேன் தம்பி, பெத்த மகளை.

'கும்பிடாதீங்க. உங்களுக்காகச் செய்யல. ஒருத்தரைக் கொன்னு போட்டுட்டு, அதுதான் நியாயம்னு பேசுற பேச்சை நான் நம்ம வீட்டுல கேட்டு முடிச்சாச்சு. கோர்ட்டுல இருந்தும் அதே பேச்சைக் கேக்க வேணாம்னுதான் எழுதிக் குடுத்தேன்'னா. 'அன்னைக்கு எங்க வீட்டுல சாப்பிடும்போது அண்ணன் சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தான். என்னண்ணேன்னு கேட்டேன். அப்பா வீட்டுக்குள்ள விட மாட்டேங்குறாருடின்னு சொன்னான். எனக்கு அப்பப் புரியல. இவர் பாவம், அவன் எலையில இன்னொரு கரண்டி கறியை வச்சு, நீங்க இங்கயே இருங்க மச்சான்னு சொன்னார். இதை நான் சொன்னா, தங்கச்சி பாசத்துல சொல்றான்னு தள்ளிருவாங்க. நாளைக்கு நீங்க போய்ச் சொல்லுங்க. எங்களுக்குத்தான் ஒன்னும் செய்யல, பெத்த மகனுக்காவது செய்யுங்க'ன்னா. சொல்லிட்டு, கடைக்குள்ள போய் ஒரு அட்டை சுகர் மாத்திரையைக் கொண்டாந்து கையில குடுத்துட்டு, திரும்பிப் பாக்காமப் போயிட்டா.

பாத்தீங்களா தம்பி, பழி வாங்குற புத்தியை? நேரா 'உன்னை உள்ள தள்ளுறேன்'னு சொல்லத் தைரியமில்ல. மகனைக் காட்டி அப்பனை மாட்டி விடப் பாக்குறா. அந்தப் பய கூடச் சேந்து வந்த புத்தி. என் வயசென்ன, எனக்கு ஜெயிலா? சுகரு இருக்கு, பிரஷரு இருக்கு, ஒரு வேளை மாத்திரை போடலன்னா தலை சுத்திரும். வர்ற சித்திரையில கோயில்ல முதல் மரியாதை எனக்கு. நாளைக்கு ஊர்க்காரன் எவனாவது, 'இவன்தான்டா ஏவி விட்டவன்'னு சொன்னா, நான் எப்படி அந்தப் பரிவட்டத்தைக் கட்டிக்கிட்டு நிக்கிறது? நான் அப்படி என்ன சொல்லிட்டேன்? 'கொன்னுட்டு வா'ன்னு சொன்னேனா? அந்த வார்த்தை என் வாயில வந்துச்சா? சாமி மேல சத்தியம், வரவே இல்ல. கோவத்துல கொள்ளி வைக்க வராதன்னேன். அதை அவன் எப்படி எடுத்துக்கிட்டானோ.

எல்லாம் இந்தச் சட்டத்தால வந்த வினை. தூக்குன்னு ஒன்னு இல்லாம இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. ஆயுள் தண்டனைன்னா நன்னடத்தை, அது இதுன்னு சொல்லி ஒரு நாள் வெளிய வந்திருப்பான், குடும்பமும் கௌரவமா இருந்திருக்கும். கொலைகாரச் சட்டம் தம்பி. வெள்ளைக்காரன் வச்சுட்டுப் போன சட்டம். அதை எழுதச் சொல்லுங்க இந்தப் பேப்பர்ல.

ஒத்தக்கடை தாண்டிருச்சா? போன் அடிக்குதே, என்னோடதுதான். வக்கீலம்மா. விடுங்க, அடிச்சு ஓயட்டும். பத்து மணிக்கு முன்னாடி வாசல்ல நிக்கணும்னு சொல்லிருந்துச்சு. எனக்குன்னு இன்னொரு வக்கீலையும் கூட்டியாந்து வச்சிருக்கும். நானும் வர்றேன்னுதான் சொன்னேன். இன்னைக்கு விட்டா இனி சொல்றதுக்கு வாய்ப்பில்லையாம், தீர்ப்புக்குத் தள்ளிருவாய்ங்களாம். இந்தக் காலத்துப் புள்ளைக, எல்லாத்துக்கும் அவசரம்.

அந்தா, பெரிய கட்டடமாத் தெரியுதுல்ல, கறுப்புக் கோட்டு போட்டவய்ங்க நிக்கிறாய்ங்க பாருங்க, அதுதான் ஐகோர்ட்டு. கண்டக்டர் சத்தம் போடுறாரு. இல்ல தம்பி, நீங்க உக்காருங்க, எனக்கு வழி விட வேணாம். தெரியும், தெரியும், இதுதான் ஸ்டாப்பு. உக்காருங்கங்குறேன்ல.

கண்டக்டரே, இங்கிட்டு யாரும் இறங்கலப்பா. ரைட்டு குடு, போகலாம்.

மாட்டுத்தாவணியில இறங்கி அழகர்கோயில் பஸ்ஸைப் புடிக்கப் போறேன். பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு, என் புள்ளை பேரைச் சொல்லி, நல்ல பெரிய மாலையா ஒன்னு வாங்கிச் சாத்திட்டு வர்றேன். நியாயம் கேக்குற சாமி அவன், என் புள்ளையைக் கைவிட மாட்டான். பெத்தவன் வேற என்ன தம்பி பண்ண முடியும்?